வாசலில் விழுந்த காளை

காளையை இழுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஆட்கள் ஏறி வருவதை ஹூரிய்யா கூரையிலிருந்தே பார்த்துவிட்டாள். ஹம்தான் மேட்டு ஊர்களில் தப்புச் செய்தவன் பாதிக்கப்பட்டவர் வாசலில் ஒரு காளையை அறுத்துவிட்டால் தீர்ந்தது. ரத்தம் சிந்திய வாசலிலிருந்து அப்புறம் வழக்கு கிளம்பக் கூடாது. கத்தி படுமுன் அந்த வீட்டு ஆண்பிள்ளை கயிற்றைப் பிடித்துக் காளையைத் திருப்பினால்தான் வழக்கு நிற்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: கொழுந்தன் நாஜி போட்ட ஆழ்குழாய்க் கிணறு மூடப்பட வேண்டும். ஒரு கிணறு இருக்கிற இடத்துக்கு ஐநூறு முழம் தள்ளித்தான் அடுத்ததைத் தோண்டலாம் என்று ஊருக்கே தெரியும். நாஜிக்கும் தெரியும். அவன் கல்லெறி தூரத்தில் துளை போட்டான். டீசல் மோட்டார் ஓயாமல் ஓடியது. மென்று கன்னத்தில் அடக்கும் போதை இலைக்காக அவன் வளர்த்த காத் செடிகள் பளபளத்தன. சனா நகரத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றிப்போகும் லாரிகள் அவன் குழாயடியில் வரிசை கட்டின. கல் அறுக்கும் ஆலைக்காரனும் வாடிக்கையானான். ஹூரிய்யாவின் கிணற்றில் வாளி பாறையில் மோதித் திரும்பியது. திராட்சைக் கொடிகள் விறகாயின. வியாழக்கிழமை வழக்கைக் கேட்பதாக ஊர்த் தலைவர் ஷேக் முக்பில் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் காளை வந்துவிட்டது, ஷேக்கும் கூடவே வந்தார்.

மகன் ஹிஸாமைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். மருமகள் ஸஹ்ரா தலை நிமிரவில்லை. கதவைத் திறந்ததும் ஏனென்று புரிந்தது. கயிறு ஹிஸாம் கையில் இருந்தது.

நாஜி இடுப்புக் கத்தியைக் கழற்றித் தரையில் வைத்துப் பணிவு காட்டினான். "மதினி, கோவத்த விட்டுடுங்க. சந்தையிலயே பெரிய காளை. உங்க கௌரவத்துக்குக் கொறை வெக்கல."

"கௌரவத்த அடுப்புல ஏத்துனா சோறு வெந்துடுமா தம்பி?" என்றவள் மகனிடம் திரும்பினாள். "கயித்தத் திருப்புடா."

அவன் கன்னத்தில் அடக்கியிருந்த காத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினான். "சித்தப்பா நமக்கும் தண்ணியில பங்கு குடுத்திருக்காரும்மா. மேல் காட்டுல காத் நட்டாச்சு. செத்த திராட்சைய வெச்சுகிட்டு எத்தன காலத்துக்கு அழுவ?"

"எப்ப நட்ட?"

"போன மழைக்கு முன்னால."

அப்போது அவள் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. தினமும் கயிறு விட்டு அளந்து வந்து சொன்னவன் இவன்தான். சித்தப்பாவைச் சபித்தவனும் இவன்தான்.

அதற்குள் காளையைச் சாய்த்துவிட்டார்கள். ரத்தம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது.

அறுத்ததைச் சமைத்து வந்தவர்களுக்குப் போடுவதும் அந்த வீட்டுக்காரியின் கடன். ஸஹ்ரா காலிப் பானைகளை எடுத்து வைத்தாள். நாஜி சைகை காட்டினான். அவன் ஆள் ஆழ்கிணற்று மோட்டாரிலிருந்து நீளக் குழாயை முற்றத்துக்குள் இழுத்து வந்தான். வெதுவெதுப்பாக, துருவாடையோடு தண்ணீர் பானைகளில் விழுந்தது. படியையும் அதிலேயே கழுவினார்கள்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு தாயி," என்றார் ஷேக்.

"வழக்கு இல்ல ஷேக்கே. காளை விழுந்துடுச்சு, முடிஞ்சுது. மன்னிப்ப மட்டும் கேக்காதீங்க. அது ரொம்ப ஆழத்துல கெடக்கு. நாஜியோட மோட்டாருக்கு எட்டாது."

வழக்கு இல்லை என்று அவள் சொன்னதை மற்றவர்களும் கேட்டார்களா என்று ஷேக் உறுதி செய்துகொண்டார். பிறகு, இறைச்சியைக் கொஞ்சம் குழைய வேகவிடச் சொன்னார். அவருக்குப் பல் சரியில்லையாம்.