நீர்நாய்க் கப்பலில் நாலாவது ஆள்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மஞ்சள் பஸ்ஸை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, க்ளெண்டா ப்ரூயிட் பத்து நிமிடம் ஓட்டுநர் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளில் அவளை யாரும் கூப்பிடாத பத்து நிமிடம் அதுதான். அன்றைக்கு அந்த நேரத்தில்தான் ட்ராயிடமிருந்து செய்தி வந்தது.

"க்ளெண்டா மேடம், நல்ல விலைக்குக் கெடச்சிருச்சு. செப்டம்பர் லீவை ஒட்டி நாலு ராத்திரி, கனாவரல் துறைமுகத்துல ஏறணும். நாலு பேருக்கும் ஒரே ரூம். உங்க செலவு எங்களோடது. உங்க டிரைவிங் லைசென்ஸை போட்டோ எடுத்து அனுப்புங்க. சீக்கிரம்."

மூன்று முறை படித்தாள். முதல் முறை படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை அது கொஞ்சம் ஆறியது. மூன்றாவது முறை 'சீக்கிரம்' என்ற ஒரு வார்த்தை மட்டுமே கண்ணில் பட்டது. நல்லது செய்கிறவனுக்கு எதற்கு அவசரம்? அதோடு இந்த 'மேடம்'. ஜார்ஜியாக்காரர்கள் பெட்ரோல் பங்கில் நிற்கிற கிழவியையும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள், தெரியும். ஆனாலும் ட்ராய் சொல்லும்போது வாசலில் வந்து நிற்கிற இன்சூரன்ஸ் ஆள் ஞாபகம்தான் அவளுக்கு வரும்.

ட்ராய் யாரென்றால், அவள் தம்பி வேட் இருந்த இடத்துக்கு வந்தவன். வேட் கூரை வேலைக்குப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து செத்தான். அதற்குப் பதினாலாவது மாதம் அவன் பெண்டாட்டி கிர்ஸ்டன் ட்ராயைக் கல்யாணம் செய்துகொண்டு, மகள் மேஸியையும் கூட்டிக்கொண்டு, ஃப்ளோரிடா எல்லை தாண்டி ஜார்ஜியாவில் இருக்கிற வால்டோஸ்டாவுக்குக் குடிபோனாள். அவளைக் குறை சொல்லக் கூடாது என்று க்ளெண்டா தனக்குத்தானே அடிக்கடி சொல்லிக்கொள்வாள். அடிக்கடி சொல்லவேண்டி இருந்தது. மேஸிக்கு ஒன்பது வயது. முதலில் வாரம் ஒரு தடவை வந்துகொண்டிருந்தவள், பிறகு மாதம் ஒரு தடவை வந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இன்னும் வரவில்லை. தம்பியும் இல்லை, தம்பி பெண்டாட்டியும் இன்னொருவன் பெண்டாட்டி ஆகிவிட்டாள் என்றால், அத்தை என்கிற உறவு எந்த ஆணியில் தொங்கும்? பிள்ளை இல்லாத க்ளெண்டாவுக்கு ராத்திரி பகலாக இருந்த பயம் அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஓசியில் கப்பல். அதுவும் எந்தக் கப்பல்? தொப்பி போட்ட கார்ட்டூன் நீர்நாய் புகைபோக்கியில் சிரிக்கிற கப்பல். நாடு முழுக்கப் பிள்ளைகள் அழுது அடம்பிடித்து அப்பன் அம்மாவைக் கடனாளி ஆக்குகிற கப்பல். மலிவாகக் கிடைக்கும் என்று யாரும் அதைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தக் கப்பல்மேல் அவளுக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய ஏப்ரலில் வேட்டும் கிர்ஸ்டனும் மேஸியும் அதில் போனார்கள். நீயும் வருகிறாயா அக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அது வேறு விஷயம்.

ஓசிக் கப்பலில் அவள் ஒருமுறை சூடுபட்டவளும்கூட. ஏர்ல் அவளுக்குப் புருஷனாக இருந்த காலத்தில், உங்களுக்குக் கப்பல் பயணம் பரிசு விழுந்திருக்கிறது என்று போன் வந்தது. ஒர்லாண்டோவில் ஒரு ஓட்டல் அறைக்குள் நாலு மணி நேரம் உட்காரவைத்து, விடுமுறை வீட்டில் பங்கு வாங்கச் சொல்லி உயிரை எடுத்தார்கள். ஏர்ல் கையெழுத்துப் போட்டான். கடைசியில் அந்தக் கப்பல், சாயங்காலம் கடலுக்குள் போய் விடிவதற்குள் திரும்பிவிடுகிற சூதாட்டப் படகு. அன்றிலிருந்து சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பதில் க்ளெண்டாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

லைசென்ஸை அனுப்பவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் பதில் போட்டாள். அன்று மாலை மேஸியே போனில் வந்தாள்.

"அத்தை, ரூம் கதவுக்குப் பக்கத்துல பித்தளை மீன் ஒண்ணு இருக்கும். அதுல துணிப்பை மாட்டணும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பை, பேர் போட்டு. மத்த ரூம்காரங்க வந்து அதுல பரிசு போட்டுட்டுப் போவாங்க. நீங்கதான் தைக்கணும்."

"யாருன்னே தெரியாதவங்களா? சும்மா போடுவாங்களா?"

"சும்மாதான். நாமளும் அவங்க பையில போடணும்."

அது எப்படிச் சும்மா ஆகும் என்று கேட்க வாயெடுத்தாள். பிள்ளையிடம் எதற்கு என்று விட்டுவிட்டு, தைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பள்ளிச் சமையலறைக்குப் போய் பெவ்விடம் விஷயத்தைச் சொன்னாள். பெவ் பகலில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள், மற்ற நேரத்தில் வீட்டிலிருந்தபடியே நீர்நாய்க் கப்பலுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவள். பீச் பழ டப்பாக்களைத் திறந்துகொண்டே கேட்டாள். தன்னிடம் டிக்கெட் போடவில்லை என்ற எரிச்சல் அவள் முகத்தில் முதலில் தெரிந்தது. பிறகு, ட்ராய் முந்தின இரவு அனுப்பியிருந்த விலையைக் கேட்டாள். டப்பா திறக்கிற கை நின்றுவிட்டது. செப்டம்பர் புயல் மாதம், அதனால் விலை இறங்கும். ஜன்னல் இல்லாத அறை என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கும். நாலு பேரை ஒரே அறையில் அடைத்தால் அதிலும் கொஞ்சம் மிச்சம். எல்லாம் சேர்த்தாலும் இந்த விலைக்கு வராது என்றாள்.

"லைசென்ஸ் கேட்டானா?"

"கேட்டான்."

"அப்ப அதான். ஃப்ளோரிடா ஆளுங்களுக்குன்னு தனி விலை ஒண்ணு உண்டு. ரூமுக்கு ஒரு பெரிய ஆளு இந்த ஊரு விலாசத்தோட இருந்தா போதும். அவங்க இப்ப ஜார்ஜியாதானே?"

 க்ளெண்டாவுக்கு வேண்டியிருந்ததும் இதுதான், வேண்டாததும் இதுதான். தான் நினைத்தது சரி என்று தெரியும்போது வருகிற திருப்தி ஒரு பக்கம், ஏமாற்றத்தின் வலி ஒரு பக்கம். அப்படியானால் அவள் முகத்துக்காகக் கூப்பிடவில்லை, லைசென்ஸுக்காகக் கூப்பிடுகிறார்கள். குடும்பம் மூன்று பேர். அவள் நாலாவது ஆள், விலையைக் குறைக்க வந்த விலாசம்.

கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது. என் விவரங்களை நானே போட்டுக்கொள்கிறேன், பதிவு எண்ணை அனுப்பு என்று ட்ராய்க்குச் செய்தி போட்டாள். ஒரு நிமிடத்தில் எண் வந்தது, கூடவே ஒரு "யெஸ் மேடம்". இவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறானே என்று அதற்கும் சந்தேகப்பட்டாள். பைக்கான துணி மட்டும் வாங்கிவந்தாள், மேஸிக்குச் சொன்ன வார்த்தைக்காக. மூன்று பைக்கு அளந்து கோடு போட்டாள். மேஸி, கிர்ஸ்டன், தான். ட்ராய்க்கு வேண்டுமானால் அவனுடைய அக்கா யாராவது தைக்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் பெவ் மடிக்கணினியோடு வந்தாள். சமையலறை மேஜையில் வேகவைத்த வேர்க்கடலைக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, எண்ணையும் க்ளெண்டாவின் பிறந்த தேதியையும் போட்டாள். பக்கம் திறந்தது. நீர்நாய் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னது.

"உன் பேரு, தேதி, விலாசம் எல்லாம் ஏற்கெனவே இருக்கே. நீ எதுவும் அனுப்பலைன்னு சொன்ன?"

"அனுப்பல."

"அப்ப யாரு போட்டது?"

பார்த்தாயா என்பதுபோல க்ளெண்டா எழுந்தே நின்றுவிட்டாள். இனி இதில் பேச என்ன இருக்கிறது, தன் பேரைத் திருடிவிட்டார்கள், போலீசுக்குப் போகலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டாள். பெவ் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு பக்கம் உள்ளே போனாள். வெகுநேரம் படித்தாள். கடலைத் தோல் ஒன்று விரலில் ஒட்டியிருந்தது, அதை உதறக்கூட இல்லை.

"இது ஃப்ளோரிடா விலை இல்ல க்ளெண்டா," என்றாள். குரல் மாறியிருந்தது.

பிறகு அவளே விளக்கினாள். பயணத்தின் கடைசி சாயங்காலம் கப்பலிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஊருக்குப் போகிற துக்கத்தில் இருக்கிற ஜனம் அங்கே வரிசையில் நிற்கும். அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டினால் போதும், தேதி சொல்லவேண்டாம். யார் யார் வருகிறார்கள் என்று பேர், பிறந்த தேதி, விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இரண்டு வருடத்துக்குள் தேதி எடுத்தால் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. ஒரே நிபந்தனை, அந்த முன்பணச் சீட்டில் பேர் உள்ள பெரியவர்களில் ஒருவராவது நேரில் கப்பல் ஏறவேண்டும். அதற்குத்தான் லைசென்ஸ். இந்தச் சீட்டுக்கு இன்னும் ஆறு வாரத்தில் காலாவதி. அதற்குத்தான் 'சீக்கிரம்'.

"சீட்டு யாரோடது?" என்று க்ளெண்டா கேட்டாள்.

பெவ் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள்.

முன்பணம் கட்டியவர் வேட் ப்ரூயிட். ஏப்ரல் பதினாலு, இரவு எட்டு இருபத்திரண்டு. அதற்குக் கீழே பேர்கள். வேட் ப்ரூயிட், க்ளெண்டா ப்ரூயிட், மேஸி ப்ரூயிட். வேட்டின் வரி மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. கிர்ஸ்டன், ட்ராய் என்ற இரண்டு பேரும் போன வாரம் சேர்க்கப்பட்டவர்கள். நாலாவது ஆள் ட்ராய்தான்.

பெவ் போன பிறகுதான் கிர்ஸ்டனுக்குப் போன் செய்தாள். சண்டைக்கு வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது பொருந்தவில்லை.

"வேட் கட்டின சீட்டுல உன் பேரு இல்லயே," என்றாள்.

 "பாத்துட்டீங்களா," என்றாள் கிர்ஸ்டன். "எனக்குக் கடல் ஒத்துக்கல க்ளெண்டா. நாலு நாளும் வாந்தி. கடைசி நாளு படுக்கையிலேயே கெடந்தேன். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன், அடுத்த தடவ நீயும் உங்கக்காவும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்கன்னு கத்தினேன். அவர் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயி, வரிசையில நின்னு, கட்டிட்டு வந்துட்டாரு."

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா தள்ளுபடிக்குத்தான் கூப்பிடுறோம்னு நெனப்பீங்க. சொல்லலைன்னாலும் எதையாவது நெனப்பீங்க. ட்ராய்தான் சொன்னாரு, சீட்டு வீணாப் போகக் கூடாது, அவங்க பேர்ல இருக்கிறதை அவங்களுக்குக் குடுத்துரணும்னு. விலை நல்லாத்தான் இருக்கு. இல்லைன்னு சொல்லல."

"உனக்குத்தான் கடல் ஒத்துக்காதே. நீ எதுக்கு வர்ற?"

"மேஸிக்காகத்தான். ஒரு டப்பா மாத்திரை வாங்கி வச்சிருக்கேன்."

போனை வைத்த பிறகு க்ளெண்டா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஏப்ரல் பதினாலு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கப்பல் கிளம்பியதிலிருந்து உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தவள் அன்று சாயங்காலம் பொறுக்கமாட்டாமல், 'ராஜா மாதிரி இருக்கியா? எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா?' என்று தம்பிக்கு ஒரு செய்தி தட்டிவிட்டாள். பழைய செய்திகளை அவள் அழித்ததில்லை. கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஈஸ்டர், மழை, பஸ் டயர், மேஸியின் விழுந்த பல் எல்லாவற்றையும் தாண்டிப் போனாள். அவன் பதில் அங்கே இருந்தது.

'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. நேர்ல வந்து சொல்றேன்.' எட்டு முப்பத்தொன்று.

பணம் கேட்கப்போகிறான் என்று நினைத்தாள் அன்றைக்கு. கப்பலுக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு வந்து நம்மிடம்தான் நிற்பான் என்று நினைத்தாள். கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, அவன் திரும்பிவந்த பிறகு மூன்று வாரம் அவன் போனை எடுக்கவே இல்லை. எடுத்தபோது அவன் வேறு எதையோ பேசினான். அவளும் என்ன சொல்ல வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கவேண்டி வருமே என்று கேட்கவில்லை. பிறகு இரண்டு மாதத்தில் கேட்பதற்கு ஆளே இல்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தம்பி கொண்டுவந்த மாடு வாசலில் நிற்பதே தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்கு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு லைசென்ஸை மேஜையில் வைத்துப் படம் எடுத்தாள். படத்தின் ஓரத்தில் கடலைத் தோல் விழுந்திருந்தது. அப்படியே ட்ராய்க்கு அனுப்பினாள். உடனே "தேங்க் யூ மேடம்" என்று வந்தது. இப்போதும் இன்சூரன்ஸ் ஆள் ஞாபகம்தான் வந்தது. அது ஒரு நாளில் போகிற விஷயமில்லை.

'உனக்கு என்ன கலர் பிடிக்கும்?' என்று கேட்டாள்.

இந்த முறை பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. 'எதுக்கு மேடம்?'

அவனுக்கும் சந்தேகம் வருகிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதில் போடாமல், நீலத்தையே எடுத்துக்கொண்டாள்.

வெயில் இறங்குகிறவரைக்கும் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நீளத் துணி ஒன்றில் மேலிருந்து வரிசையாகப் பைகளை வைத்துத் தைத்தாள். மேஸிக்கு மஞ்சள், கிர்ஸ்டனுக்குப் பச்சை, தனக்குப் பழுப்பு. கடைசியில் ட்ராய்க்கு நீலம். அவனுடையது மட்டும் மற்றதைவிட ஒரு விரற்கடை குட்டையாக வந்தது. அளவு தப்பியதா கை தப்பியதா என்று அவளுக்கே தெரியவில்லை. பிரித்துத் தைக்கவும் இல்லை.

தூக்கிப் பார்க்கலாம் என்று சமையலறைக் கதவின் குமிழில் மாட்டினாள். நாலு பைக்கும் கீழே, இன்னொரு பை வைக்கிற அளவுக்கு வெறும் துணி மிச்சம் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தவளுக்குச் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்த அந்த வரி ஞாபகம் வந்தது. வெட்டாமல், மிச்சத் துணியின் ஓரத்தை மட்டும் மடித்து அடித்துவிட்டு, துணியை அப்படியே தொங்கவிட்டாள்.