அரிசிக்கு நாலு சுண்டு

பயப்படாமல் கேளுங்கள், பிள்ளைகளே. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. ஒரு மனிதருக்கு முதலில் வாய் எரிந்தது, பிறகு கண் எரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த எரிவைப் பார்ப்பதற்காக ஒரு பெண் பதினொரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள். அவள் செய்தது சரியா பிழையா என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பெண்ணின் பெயர் தாட்சாயினி. சிட்னியில், பென்டில் ஹில்லில் சச்சிதானந்தன் என்பவர் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு காஸ் அடுப்பு, ஒரு பெரிய இரும்புத் தாச்சி. அந்தத் தாச்சியில் ஆறு வருடம் கறித்தூளுக்குச் சரக்கு வறுத்தவள் இவள். வாரம் நாற்பது கிலோ தூள். கிலோவுக்கு எட்டு டொலர் கூலி.

அவளுடைய தூளில் ஒரு விசேஷம். எங்கள் ஆட்களின் நாக்குக்கும் உறைக்கும், இங்கே பிறந்த பிள்ளைகளின் நாக்கையும் சுடாது. பிளாக்டவுனில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். "தாட்சா அக்காவின்ர தூள் இருக்கோ?" என்றுதான் கேட்பார்கள். கடைக்காரருக்கு அது பிடிக்காது. "என்ர கடைத் தூள் இருக்கு" என்று திருத்துவார்.

சச்சிதானந்தன் கொழும்பில் ஒரு வங்கியில் பதினைந்து வருடம் காசு மாற்றும் கவுண்டரில் இருந்தவர். எந்த நாட்டுக் காசையும் எந்த நாட்டுக் காசாகவும் மனக்கணக்கில் மாற்றிவிடுவார். முருங்கைக்காய் வாங்கப் போனால் முருங்கைக்காயோடு அன்றைய ரேட்டையும் சொல்லித்தான் அனுப்புவார். கணக்கில் தன்னை வெல்ல சிட்னியில் ஆளில்லை என்பது அவருடைய நம்பிக்கை.

போன வருடம் தாட்சாயினியின் அறைக்கு வார வாடகை ஏறியது. அவள் தாச்சியை இறக்கி வைத்துவிட்டு முன்னுக்கு வந்து கேட்டாள்.

"அண்ணை, வாடகை நூற்றெண்பதில இருந்து இருநூற்று எழுபது ஆயிட்டுது. ஆறு வருஷமா எனக்கு அதே எட்டு டொலர்தான். இனிப் பதினாறாத் தாங்கோ. இல்லாட்டி அறையை விட வேண்டி வரும்."

"உமக்கு விசரே? வாடகை ஒண்டரை மடங்குதானே கூடினது. உமக்கு மட்டும் ரெண்டு மடங்கோ?"

"தூளும் ரெண்டு மடங்குதானே அண்ணை. நான் வரேக்க கிலோ பதினாலு டொலருக்கு வித்தனீங்கள். இப்ப இருபத்தெட்டு."

கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அவளிடம் கணக்கில் பிடிபட்டது அவருக்குச் சுட்டுவிட்டது. கல்குலேட்டரைத் தூக்கிக் காட்டினார்.

"எட்டு டொலர் எண்டால் ஊர்க் காசில எவ்வளவு தெரியுமே? ஆயிரத்து அறுநூறு ரூபா! ஒரு கிலோவுக்கு! ஊரில ஒரு மனுசி விடிய வெங்காயத் தோட்டத்தில குனிஞ்சால் பொழுதுபட நிமிரேக்கயும் இவ்வளவு கிடையாது."

"நான் ஊரில இல்லையே அண்ணை."

"மனசால ஊரில இரும். அப்பத்தான் காசு கையில நிக்கும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். தாட்சாயினியும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனாள். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்திருங்கள்.

ஏழு நாள், ஒரு கிழமை கழித்து அவர் நல்ல முகத்தோடு வந்தார். பைக்கற்றில் எது எவ்வளவு என்று அச்சடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அபராதமாம். "உம்மட அளவைச் சொல்லும், எழுதுறன்." தாட்சாயினி கள்ளமில்லாமல் சொன்னாள். ஆறு சுண்டு செத்தல் மிளகாய்க்கு நாலு சுண்டு மல்லி. சுண்டு என்றால் தெரியும்தானே, கட்டிப்பால் வரும் ரின், அந்தச் சின்னத் தகர டப்பா அளவு; செத்தல் என்றால் காய்ந்த மிளகாய். மற்றச் சரக்குகளையும் சொன்னாள். அவற்றை நான் இங்கே சொல்லப் போவதில்லை, அது அவளுடைய சொத்து.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது கொட்டிலுக்குப் புதுப் பூட்டு. கடைக் கண்ணாடியில் ஒரு பெரிய படம். பட்டுச் சேலையும் மூக்குத்தியுமாகச் சச்சிதானந்தனின் தாயார், கீழே 'அம்மாவின் கைப்பக்குவம்' என்று எழுத்து. அந்த அம்மா தபால் அதிபரின் மனைவி. வீட்டில் சமைக்க ஒரு ஆள், அந்த ஆளுக்கு மிளகாய் இடிக்க ஒரு ஆள். உலக்கையை அவர் தொட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறன் தங்கச்சி. இருநூறு கிலோ ஒரேயடியா அடிக்கப் போறன். இனி உமக்குச் சிரமம் இல்லை" என்றார் அவர்.

தாட்சாயினி தன்னுடைய முன்கட்டுத் துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அறையில் நாலு கிழமை வாடகைக்குத்தான் காசு இருந்தது.

இரண்டு நாளில் தொலைபேசி அடித்தது. சச்சிதானந்தன்தான். பின்னால் மெஷின் இரைந்தது.

"தங்கச்சி, ஒரு சின்ன விசயம். மெஷின்காரன் எல்லாம் கிலோவில கேக்கிறான். நாலு சுண்டு ஒரு கிலோதானே?"

தாட்சாயினி கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள், "அரிசிக்கு நாலு சுண்டு ஒரு கிலோ அண்ணை."

"அதுதானே! எனக்குத் தெரியும். சும்மா ஒருக்காக் கேட்டனான். நீர் எட்டாம் வகுப்போட நிண்டனீர், உமக்கு இந்தக் கிலோக் கணக்கு ஓடாது எண்டு நினைச்சன்."

அவர் வைத்துவிட்டார். அவள் கைபேசியைக் கையில் வைத்தபடி கட்டிலில் இருந்தாள். ஆறு வருடம் அள்ளிய கைக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அதை எண்ணாகப் பார்க்க ஆசைப்பட்டாள். ரின்னையும் சின்னத் தராசையும் எடுத்தாள். ஒரு சுண்டு அரிசி, இருநூற்றைம்பது கிராம். ஒரு சுண்டு மல்லி, தொண்ணூறு கிராம். ஒரு சுண்டு செத்தல் மிளகாய், வெறும் முப்பது கிராம். மிளகாய் ரின்னுக்குள் காற்றோடுதானே கிடக்கும்.

வாடகை ரசீதுத் துண்டின் பின்பக்கத்தில் எழுதினாள். ஆறு சுண்டு மிளகாய் நூற்றெண்பது கிராம், நாலு சுண்டு மல்லி முந்நூற்று அறுபது. ஆகவே அவளுடைய தூளில் ஒரு பங்கு மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி. சச்சிதானந்தனோ எல்லாவற்றுக்கும் அரிசியின் ரேட்டைப் போட்டிருக்கிறார். அவருக்கு ஆறு சுண்டு மிளகாய் ஒன்றரைக் கிலோ, நாலு சுண்டு மல்லி ஒரு கிலோ. மூன்று பங்கு மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி! ஒரு டொலருக்கு இருநூறு ரூபா, ஆகவே ஒரு பவுணுக்கும் இருநூறு, ஒரு யென்னுக்கும் இருநூறு என்று யாராவது மாற்றினால் அவர் கவுண்டரைத் தாண்டி வந்து அடித்திருப்பார். சுண்டு விசயத்தில் அதையேதான் அவர் செய்தார்.

அவள் செய்ய வேண்டியதெல்லாம் திரும்ப ஒரு அழைப்பு. 'அண்ணை, மெஷினை நிப்பாட்டுங்கோ.' அவருடைய நம்பர் வரை போனாள். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள்.

மெஷினோடு வந்து வறுத்த ஆட்கள் தும்மினார்களாம், உறைப்புக் கூட என்றார்களாம். "சரக்குப் புதுசு, அப்பிடித்தான்" என்றாராம் இவர். அவருக்கு வயிற்றில் அல்சர், கறி தொட்டே பல வருடம். ருசி பார்க்கும் மனைவி யோகாவோ மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மெல்பேர்ன் போயிருந்தார். அங்குள்ள கேரம் டவுன்ஸ் சிவன் கோயிலில் புதுத் தூளின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லி அவருக்குத் தகவல் மட்டும் போனது.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு தமிழ்ப் பாடசாலைக்குக் காசு சேர்க்க பிளாக்டவுனில் ஒரு மண்டபத்தில் மதிய விருந்து. தூள் இலவசமாகக் கொடுத்தவர் சச்சிதானந்தன். முந்நூறு பேர். தாட்சாயினி இருபத்தைந்து டொலர் கொடுத்து ஒரு டிக்கற் வாங்கியிருந்தாள். வாடகைக்கு வைத்த காசு, பிள்ளைகளே! கைப்பைக்குள் இரண்டு லீற்றர் தயிர் டப்பா ஒன்றும் கொண்டு போனாள்.

பாடசாலைத் தலைவர் இந்திரகுமார் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அம்மாவின்ர தூள். முதல் பிடி மகன்தான் சாப்பிட வேணும்!" கைதட்டல். அல்சரைச் சொல்லித் தப்ப மேடையில் இடமில்லை. சச்சிதானந்தன் ஆட்டிறைச்சிக் கறியில் ஒரு பிடி குழைத்து வாயில் போட்டார்.

தாட்சாயினி இரண்டாம் வரிசைக் கதிரையில் இருந்து இமைக்காமல் பார்த்தாள். முதலில் அவருடைய காது சிவந்தது. பிறகு நெற்றி. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. முந்நூறு பேருக்கு முன்னால் அவர் அதை விழுங்கினார். "எப்பிடி?" என்று இந்திரகுமார் கேட்க, அவருக்குச் சத்தம் வரவில்லை. கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அதை நம்பி எல்லோரும் சாப்பிட்டார்கள்.

பத்து நிமிடத்தில் மண்டபமே தண்ணீருக்கு ஓடியது. "இது தூளோ, பழி வாங்கிற மருந்தோ?" என்று ஒருவர் கத்தினார். பக்கத்து மேசையில் லக்சிகா என்ற ஐந்து வயதுப் பிள்ளை, உதடு வீங்கி, அழக்கூட மூச்சு எடுக்க முடியாமல் இருந்தது. தாட்சாயினி எழுந்து போய்த் தயிரைக் கரண்டி கரண்டியாக அதன் வாயில் வைத்தாள். அந்த டப்பா தனக்கென்று கொண்டு வந்தது. ரயிலில் திரும்பும்போது சச்சிதானந்தனின் சிவந்த காதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் இருந்தாள். அந்தப் பிள்ளையின் உதடுதான் திரும்பத் திரும்ப வந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் அவளுடைய அறை வாசலில் நின்றார். கையில் ஒரு பை மாம்பழம்.

"சனம் எல்லாம் பைக்கற்றைக் கொண்டு வந்து எறியுது. விருந்துக்குக் குடுத்ததைக் கழிச்சாலும் திரும்பி வந்ததோட அங்க இருநூறு கிலோவுக்குக் கிட்டக் கிடக்கு. ஒரு பிடி தூளில மல்லியைப் பச்சையா அரைச்சுக் கலந்து பாத்தன், மண் மாதிரி இருக்கு. தீபாவளிக்கு ரெண்டு கிழமைதான்." பிறகு குரல் தாழ்ந்தது. "நீங்கள் தெரிஞ்சு கொண்டோ பேசாமல் இருந்தனீங்கள்?"

நீர் என்றவர் நீங்கள் என்றார். அவள் அதைக் கவனித்தாள்.

"நீங்கள் கேட்டனீங்கள், நான் சொன்னனான். அரிசிக்கு நாலு சுண்டு எண்டு."

அவர் வாய் திறந்தது. 'அரிசிக்கு' என்ற சொல் அப்போதுதான் அவருக்குள் போய் விழுந்தது.

தாட்சாயினி அந்த வாடகைத் துண்டை எடுத்து வந்தாள். "இருநூறு கிலோ எண்டு வைப்பம். அதில நூற்றிருபது மிளகாய், எண்பது மல்லி. நூற்றிருபது மிளகாய்க்கு இருநூற்று நாற்பது மல்லி வேணும். இன்னும் நூற்றறுபது கிலோ போட வேணும். மற்றச் சரக்கை நான் பாத்துப் போடுறன். எல்லாமா முந்நூற்று அறுபது கிலோ வரும். கிலோவுக்குப் பதினாறு டொலர். ஐயாயிரத்து எழுநூற்று அறுபது. முதல்ல பாங்கில போடுங்கோ. உங்கட அம்மாவின்ர படத்தைக் கழட்டிப்போட்டு என்ர பேரை அடியுங்கோ."

சச்சிதானந்தனின் உதடு பழக்கத்தில் அசைந்தது. "பதினொண்டரை லட்சம் ரூபா!"

"ஊர்க் காசில பாக்காதேங்கோ அண்ணை. நாங்கள் அவுஸ்திரேலியாவில இருக்கிறம்."

"சரி. போடுறன். நாளைக்கு வந்து வறுப்பீங்களோ?"

"நான் ஏன் வறுக்க? அளவும் பக்குவமும் என்ர. வறுக்கிறது நீங்கள்."

"மெஷின் திரும்பிப் போயிட்டுதே!"

"தாச்சி கிடக்குதுதானே. ஒருக்காலுக்கு நாலு கிலோ பிடிக்கும். நாற்பது தாச்சி. வேற ஆள் வைச்சால் நான் எழும்பிப் போயிடுவன்."

அவர் மாம்பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார். மாலையில் காசு விழுந்தது. முதல் வேலையாக அவள் மூன்று மாத வாடகையைக் கட்டினாள்.

புதன்கிழமை காலை கொட்டிலின் பூட்டைத் திறந்தது சச்சிதானந்தன். முதலில் பழைய தூள் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்ட வேண்டியிருந்தது. கையுறை போட்டிருந்தார். வியர்வையைத் துடைக்கிறேன் என்று அதே கையால் கண்ணைத் துடைத்துவிட்டார். கால் மணி நேரம் குழாயடியில் குனிந்து நின்றார். தாட்சாயினி கடைக்குள்ளிருந்து ஒரு கதிரையை இழுத்து வந்து போட்டு, காற்று வரும் பக்கமாக உட்கார்ந்தாள்.

மல்லி வறுபடத் தொடங்கியது. கிளற வேண்டும், நிறுத்தினால் கருகும். அவருக்குத் தோள் நடுங்கியது.

"போதுமே, தங்கச்சி?"

"மணம் வரேல்லை. கிளறுங்கோ."

"இது எத்தினையாவது?"

"மூண்டாவது. இன்னும் முப்பத்தேழு கிடக்கு."

அவர் அகப்பையில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். சிவந்த கண்ணால் அவளைப் பார்த்தார். "இரக்கம் இல்லையே உங்களுக்கு?"

தாட்சாயினி கைபேசியைத் தட்டிக் கணக்குப் போட்டு அவருக்குத் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள்.

"நூற்றறுபது கிலோ. கிலோவுக்கு எட்டு டொலர் கூலி எண்டு வையுங்கோ. ஆயிரத்து இருநூற்று எண்பது. ரெண்டரை லட்சம் ரூபாவுக்கு மேல வருது. மனசால ஊரில இருங்கோ அண்ணை. களை தெரியாது."

தாச்சியில் மல்லி வெடிக்கத் தொடங்கியது. அவர் மறுபடி அகப்பையைப் பிடித்தார்.