குடிவந்தவர்கள் கொடுத்த கேக்

சிறப்புப் பள்ளி பற்றிய கூட்டம் தொடங்குமுன்பே, பள்ளி கேட்டு வந்த அம்மாக்களில் மூத்தவளான தோயுன் அம்மா எல்லாவற்றையும் முடிவுசெய்து வைத்திருந்தாள்.

"குடியிருப்புத் தலைவர் பேச்சை எடுத்ததும் நாம எல்லாரும் மண்டி போட்டுடணும். கண்ணுல தண்ணி வந்தா இன்னும் நல்லது. வேற பேட்டையில அப்படித்தான் மனசை இளக வச்சாங்களாம்."

மிஹ்யாங்குக்கு மண்டியிடுவது புதிதல்ல. மகள் போமுக்காக அவள் மண்டியிடாத இடமில்லை. மழலையர் பள்ளி வாசல், மாமியார் வீட்டுக் கூடம், மேலே குதிக்கிற சத்தம் தாங்கவில்லை என்ற கீழ்வீட்டுக்காரர் கதவு. போமுக்குப் பேச்சு வராது. சந்தோஷம் வந்தால் கைதட்டிக்கொண்டு குதிப்பாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். புசான் நகரத்தின் இந்த ஓரத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளி இல்லை. விடியுமுன் எழுப்பி நகரத்தின் மறுகோடிக்கு பஸ் ஏற்ற வேண்டும், பாதி நாட்களில் வழியிலேயே வாந்தி. கூட்டம் நடக்கும் இந்த அடுக்குமாடிக்கு எதிரே சிறப்புப் பள்ளிக்கென்று ஒதுக்கிய மனையில் வருஷக்கணக்காகப் புல் முளைக்கிறது. வீட்டு விலை விழுந்துவிடும் என்று இங்கே குடியிருப்பவர்கள் கத்துவார்கள், கல்வி அலுவலகம் தள்ளிப்போடும். இன்றும் இவர்கள் கத்தினால் அதுதான் நடக்கும்.

"நான் மண்டி போடமாட்டேன் அக்கா. கேக் கொண்டாந்திருக்கேன்."

"கேக்கா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

சிவப்புப் பயறு தூவி ஆவியில் வேகவைத்த அரிசிக் கேக். புதிதாகக் குடிவருகிறவர்கள் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது. அதை வாங்கித் தின்று 'நல்லா இருங்க' என்று வாழ்த்தியவர், பிறகு ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார். போம் தட்டை ஏந்திக்கொண்டு நாற்காலி நாற்காலியாகக் குனிந்து வணங்கிக் கொடுத்தாள். பின்னாலேயே மிஹ்யாங், "குடிவந்த கேக், எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"எந்த வீட்டுக்காம்?" என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"எதுவா இருந்தா என்ன, சூடா இருக்கு, தின்னு."

குடியிருப்புத் தலைவர் பியோன் இரண்டு துண்டு எடுத்தார். "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று வாய் நிறைய வாழ்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அந்தப் பிள்ளைங்க மேல எங்களுக்கு ஒரு வெறுப்பும் கிடையாது. ஆனா இங்க வேணாம். மலைப்பக்கம் காத்தோட்டமா எவ்வளவோ இடம் கிடக்கு!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தோயுன் அம்மா முழங்காலை மடக்கினாள். மிஹ்யாங் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"தலைவரே, கேக் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. யாரும்மா குடிவந்தது?"

"நாங்கதான். எதிர் மனைக்கு. உங்க கையில குடுத்தாளே, அவ அங்கதான் படிக்கப் போறா."

தலைவரின் முகம் சிவந்தது. "இது மோசடி!"

"என்ன மோசடி? சொல்லித்தானே குடுத்தேன். நல்லா இருங்கன்னு ரெண்டு தடவை வாழ்த்தினது யாரு?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"பணிவா கெஞ்சிக் கேட்டிருந்தா யோசிச்சிருப்போம். இந்தத் திமிருக்கு ஒருநாளும் சம்மதம் கிடையாது!"

மிஹ்யாங் மேடையில் இருந்த கல்வி அதிகாரி பக்கம் திரும்பினாள். அவர் வாயிலும் கேக் இருந்தது.

"சார், பள்ளிக்கூடம் கட்ட இவங்க சம்மதம் வேணும்னு சட்டத்துல இருக்கா?"

"அது வந்து... சுத்துப்பட்டு மக்களோட மனநிலையையும்..."

"இருக்கா, இல்லையா? மைக்ல சொல்லுங்க."

அதிகாரி அவசரமாக மென்று விழுங்கினார். "இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் இத்தனை வருஷமா எங்களைக் கெஞ்சவிட்டு வேடிக்கை பார்த்தீங்க?"

கூட்டம் கூச்சல் போட்டது, நாற்காலிகள் உருண்டன. அந்தக் களேபரத்தில், அழுவதற்கென்றே கைக்குட்டையோடு வந்திருந்த தோயுன் அம்மா, மேடையருகே போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். மற்ற அம்மாக்களும் பின்னால் போய் நின்றார்கள்.

"எந்த மாசம் வேலை ஆரம்பம்? அதைச் சொல்லுங்க."

அதிகாரி தலைவரைப் பார்த்தார். "அங்க ஏன் பார்க்கறீங்க, இங்க பாருங்க," என்றாள் அவள்.

"மார்ச்," என்று அவர் முனகினார்.

"சத்தமா!"