பேருந்தை முந்திய சிவப்புக் கார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கும்பகோணம் பேருந்தின் ஜன்னலோரத்தில் எனக்குக் கிடைத்தது. பாபநாசம் தாண்டியதும் கூரையில்லாத பழைய சிவப்புக் கார் ஒன்று எங்களை முந்தியது. ஓட்டிய பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் சிரித்தாள் என்பது என் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னது பாதி, நான் இட்டுக்கட்டியது மீதி.

2

முதல் தொடக்கம்: 'காவிரி நுரைத்துப் புரண்ட அந்த ஆடி மாதத்தில்...'

(சீ, வேண்டாம். மெக்கானிக் ஷெட்டில் காவிரிக்கு என்ன வேலை?)

இரண்டாவது: மலர்க்கொடி எட்டு வருஷம் வைரக்கண்ணுவின் ஷெட்டில் டிராக்டர் பிரித்தவள். சொந்த ஷெட் போட்டு ஆறு மாதம். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய இராஜாங்கம் தன் அறுபத்தேழாம் வருஷத்து எம்.ஜி. என்ற இங்கிலாந்துச் சிவப்புக் காரை அவளிடம் விட்டபோது கடைத்தெருவே சிரித்தது. நாலு கியர் கார். வேகமெடுத்தால் இஞ்சின் அலறும். கியர்பாக்ஸின் பின்னால் ஓவர்டிரைவ் என்ற பெட்டியைப் பூட்டினால் ஐந்தாவது கியர் போல் இஞ்சினுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இங்கிலாந்திலிருந்து பெட்டி வந்து இறங்கியிருந்தது.

"சேத்து டிராக்டரு பாக்குற கைக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது மலரு," என்றார் வைரக்கண்ணு.

இராஜாங்கம் கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா சொல்லிடுங்க, லாரியில ஏத்தி மெட்ராசுக்கு அனுப்பிடுறேன்."

லாரி வைரக்கண்ணு ஷெட்டின் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அப்படிப் போனால் மானம் போச்சு, தொழிலும் போச்சு.

3

(இங்கே அவளுக்கு ஒரு கணவனை எழுதி அடித்துவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்ததைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை.)

கியர்பாக்ஸை இறக்கி, உள்ளே சுழலும் ஷாஃப்டை மாற்றி, பெட்டியைப் பூட்டி ஏற்றினாள். ஓட்டிப் பார்த்தால், ஸ்விட்சைத் தட்டியதும் ஓவர்டிரைவ் பிடிக்கிறது, அடுத்த நொடி வழுக்குகிறது. பிரித்தாள், பூட்டினாள். வியாழக்கிழமையும் அதே வழுக்கல்.

வெள்ளி காலை எண்ணெயை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். எட்டு வருஷம் கையில் ஒட்டிக் கிடந்த பிசுபிசுப்பு.

நானாக இருந்தால் இந்த இடத்தில் அவளை அழவைத்திருப்பேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி கூறுகெட்டவளே! டிராக்டருக்கு ஊத்துறதையில்ல இதுக்கும் ஊத்தி வச்சிருக்கே!"

யோசிக்காமல், கை பழகிய டிரம்மிலிருந்து பிடித்து ஊற்றியிருக்கிறாள். இந்தப் பெட்டிக்குச் சாதாரண இஞ்சின் ஆயில்தான். டிராக்டர் கியர் ஆயில் பட்டால் உள்ளே கிளட்ச் வழுக்கும்.

4

முடிவு, ஒன்று: லாரி வந்து நின்றது. மலர்க்கொடி...

(எழுத மனசு வரவில்லை.)

முடிவு, இரண்டு: உள்ளே கழுவி, இஞ்சின் ஆயில் ஊற்றி, இராஜாங்கத்தைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் சாலையில் விட்டாள். சாலையில் காயப்போட்டிருந்த நெல்லைத் தாண்டியதும் எங்கள் பேருந்தை எட்டிப் பிடித்தாள். என் ஜன்னலுக்கு நேராக வந்தபோது ஸ்விட்சைத் தட்டினாள். இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்திலிருந்து மூவாயிரத்து இருநூறுக்கு இறங்கியது. அலறல் அடங்கியது. வேகம் மட்டும் அப்படியே இருந்தது!

பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தேவிட்டார். "பிடிச்சிடுச்சுய்யா! சத்தத்தைக் கேளுங்க, ஓவர்டிரைவ் பிடிச்சிடுச்சு!"

அவர்தான் வைரக்கண்ணு. "எங்க ஷெட்டு ஆளு," என்று கண்டக்டரிடம் வேறு பெருமையடித்துக்கொண்டார்.

மலர்க்கொடி அவரைப் பார்த்துவிட்டாள். கையை உயர்த்தி என்னவோ கத்தினாள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டிருக்கிறது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். காது சிவக்கச் சிரித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

எட்டு வருஷம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கு என்ன சொல்லியிருப்பாள்? நான் எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.