கிராணி ஐயாவின் வெயில்தட்டி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல. மூவாரில் அக்கரைப் படகுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து மேசையில் இருந்தவர் தம் கூட்டாளிக்குச் சொன்னதைக் காப்பியோடு சேர்த்து நானும் குடித்துவிட்டேன். முக்கால்வாசி சொல்லியிருப்பார். படகு மணி அடித்தது. இருவரும் எழுந்து ஓடிவிட்டார்கள். என் காப்பி இன்னும் சூடாக இருந்ததால் நான் ஓடவில்லை. இலக்கியம் பல நேரம் இப்படிச் சோம்பேறித்தனத்தில்தான் பிறக்கிறது.

எப்படி ஆரம்பிப்பது? ஒரு முறை இப்படி எழுதினேன்:

‘கதிரவன் தன் பொற்கரங்களால் ஜொகூரின் ரப்பர் மரங்களைத் தழுவி—’

வேண்டாம். ரப்பர் தோட்டத்துக்குள் கதிரவன் அவ்வளவு எளிதில் வர முடியாது. கொசு வரும்.

இரண்டாவது முயற்சி:

‘1932ஆம் ஆண்டு, யோங் பெங்குக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு மோட்டார் காரின் வெயில்தட்டி கீழே விழுந்தது.’

இது பரவாயில்லை. விழுந்த பொருள் சிறியது. விழுந்த இடம் பெரிய இடம்: தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர், தியாகராஜாவின் மூக்கு.

2

அந்த ஆண்டு ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது தம்முடைய கூரை மடங்கும் காரைக் கிராணியார் தலையில் கட்டிவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடம் பேரேடு எழுதிய கிராணியாருக்கு அது கார் அல்ல, தேர். கூரையை மடக்கிவிட்டுத்தான் போவார். மூடிய காருக்குள் இருப்பது யாரென்று ஊருக்கு எப்படித் தெரியும்?

(நியாயமாக அவர் பின்சீட்டில் உட்கார வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்தால் கதை இல்லை. நல்லவேளை, துரை முன்சீட்டில் போவதைப் பார்த்த கிராணியார், பெருமை முன்னால்தான் இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தார். துரை தாமே ஓட்டினார். அதனால் முன்னால் இருந்தார். கிராணியார் இப்போது உட்காரும் இடது பக்கம் துரையின் மனைவி உட்கார்ந்த இடம். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.)

கண்ணாடிச் சட்டத்தின் மேல் ஓரத்தில் இரண்டு வெயில்தட்டிகள். தகட்டுக்குத் தோலுறை போட்டு, ஒரு கம்பியில் மாட்டி, முனையில் திருகாணி. வேண்டிய சாய்வில் நிறுத்தித் திருகினால் நிற்கும். துரை காலத்தில் நின்றது. இப்போது திருகாணியின் மரை தேய்ந்துவிட்டது. எவ்வளவு முடுக்கினாலும் இறுகாது. கார் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், தட்டி மெல்லத் தொங்கிக் கண்ணை மறைக்கும்.

டிரைவர் செல்லப்பன் தன் பக்கத்துத் தட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான். “ஐயா பக்கமும் கட்டிடவா?” என்று கேட்டான்.

“கயிறோ? இது காரடா, கட்டை வண்டியில்லை!”

ஆகவே கிராணியார் தட்டிக்குக் கீழே குனிந்து பாதை பார்த்தார். பள்ளத்துக்கு ஒரு குனிதல். அந்தப் பாதையில் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை.

பாதையோரத்தில் ரப்பர்ப் பால் வாளியோடு போனவர்கள் இதைக் கண்டார்கள். இருபது வருடமாகத் தாங்கள் போட்ட கும்பிடுக்குத் திரும்பிப் பார்க்காத கிராணி ஐயா, இன்று தலை குனிந்து வணங்கிக்கொண்டே போகிறார்! அவர்களும் விழுந்து விழுந்து கும்பிட்டார்கள். ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்கப் பேச்சு.

“ஐயாவுக்கு வயசாவுது, புத்தி வந்திருச்சு.”

“வேலைக்காடு குறையுதுல்ல, தன் வேலையும் போயிடுமோன்னு ஐயாவுக்குப் பயம்.”

“என்னைப் பாத்து ரெண்டு தடவ கும்பிட்டாரு. எனக்கே வெக்கமாப் போச்சு.”

3

பேச்சு கிராணியார் காதுக்கு வந்த அன்று செல்லப்பனை அழைத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை சபாபதியார் மலாக்காவிலை இருந்து வாறார், எங்கட வாசகசாலையைத் திறக்க. அவரை மூவார்த் துறையிலை இருந்து இந்தக் காரிலைதான் கூட்டிக்கொண்டு வர வேணும். அதுக்கு முன்னம் இது நிமிர்ந்து நிக்க வேணும். விளங்குதோ?”

“சரிங்கய்யா.”

“நிக்காட்டி, திங்கட்கிழமை விடியப் பெரட்டிலை நீ நிப்பாய்.”

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம். செல்லப்பன் அதில் பதினோரு வருடம் நின்றவன்தான். ஆனால் வடிகால் கானில் விழுந்து இடது முழங்கால் முறிந்த பிறகு அவனால் கார் ஓட்ட மட்டும்தான் முடியும். ஒரு நாளைக்கு முந்நூறு மரம் நடந்து பால் வெட்ட முடியாது. அந்த ஆண்டில், பால் வெட்ட முடியாதவனுக்குத் தோட்டத்தில் வேறு ஒரு வழிதான் வைத்திருந்தார்கள்: நாகப்பட்டினத்துக்குத் திரும்பிப் போகும் கப்பல்.

ஆகவே, வாசகரே, இது வெயில்தட்டிக் கதைதான். ஆனால் தட்டி விழுந்தால் கூடவே விழப்போவது ஒரு குடும்பம்.

(வாசகசாலை: இரண்டு அலமாரி, பதினாலு புத்தகம். அவற்றில் ஆறு, ஒரே புத்தகத்தின் ஆறு பிரதிகள். கிராணியார் தம் தகப்பனாரைப் பற்றி இயற்றிய வெண்பா மாலை.)

4

செல்லப்பன் ரப்பர் தோட்டத்துக்காரன். ரப்பர் தோட்டத்துக்காரனுக்கு எது கழன்றாலும் கை தானாக ரப்பருக்குத்தான் போகும். வாளி ஒழுகினால் ரப்பர், கூரை ஒழுகினால் ரப்பர். பால் கிண்ணத்தில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை எடுத்தான், வளையமாக வெட்டினான், திருகாணிக்கு அடியில் கொடுத்தான். தட்டி சிலைபோல் நின்றது.

அவன் மனைவி தனலெட்சுமி தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பாளம் காயப்போடுகிறவள். எட்டிப் பார்த்தாள்.

“நிக்காதுங்க.”

“நிக்குதே, கண்ணு தெரியல?”

“இப்ப நிக்கும். வெயில் ஏறட்டும். பச்ச ரப்பர் இளகிடும்.”

“அடி போடி, கார் டயரே ரப்பர்தான். இளகவா செய்யுது?”

“டயரு வெந்த ரப்பர். இது வேகாதது. தெனம் இதோட மல்லுக்கட்டுறவ நானா நீங்களா?”

சனிக்கிழமை பதினோரு மணி. யோங் பெங் கடைத்தெரு. கிராணியார் வெள்ளைத் தொப்பியோடு நிமிர்ந்து வந்துகொண்டிருந்தார். ஒட்டுப்பால் இளகியது. தட்டி சத்தமில்லாமல் இறங்கித் தொப்பியில் ஒட்டிக்கொண்டது. எரிச்சலோடு அவர் தட்டியை மேலே தள்ளினார். தொப்பியும் கூடவே மேலே போனது. வழுக்கைத் தலையோடு அவரும், அவருக்கு மேலே தனியாகத் தொப்பியும், இரண்டுக்கும் நடுவே நூல் நூலாக ரப்பருமாகக் கடைத்தெருவைக் கடந்தார்கள்.

‘அலமாக்!’ என்று மலாயில் வாய் பிளந்தார் கறிக்கடைக்காரர்.

வீட்டு வாசலில் இறங்கியதும் கிராணியார், “நாளைக்கு,” என்றார். அவ்வளவுதான்.

5

இங்கே ஒரு தடங்கல். தனலெட்சுமி மேல் எனக்குச் சந்தேகம். பக்கத்து மேசைக்காரர் அவளைப் பற்றிச் சொன்னது மூன்றே சொல்: ‘பொஞ்சாதி ரொம்பக் கெட்டிக்காரி.’ மற்றதெல்லாம் நான் போட்டது. அவளை எடுத்துவிடலாமா என்றும் பார்த்தேன். எடுத்தால் அடுத்த காரியத்தைச் செல்லப்பன் தானாக யோசிக்க வேண்டும். ஒட்டுப்பால் வைத்தவனை நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. இருக்கட்டும்.

“தோலு வேணும்,” என்றாள் அவள். “தோலுதான் கவ்வும். இளகாது.”

“தோலுக்கு எங்க போவேன்?”

அவள் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. மூவாரில் வாங்கியது. கிராணியார் பங்களாவைத் தாண்டும்போது யாரும் காலில் செருப்போடு போகக் கூடாது என்பது தோட்டத்து வழக்கம். செல்லப்பன் வீட்டிலிருந்து எங்கே போவதென்றாலும் அந்தப் பங்களாவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே அந்தச் செருப்பு நடந்ததைவிட அவன் அக்குளில் பயணம் செய்ததுதான் அதிகம்.

“ஏ, செருப்புத் தோலா? ஐயா தலைக்கு மேலயா?”

“தலைக்கு மேல எங்க? கம்பிலதான இருக்கு.”

“கம்பி எங்கடி இருக்கு?”

“அவருகிட்ட யாரு சொல்லப் போறா? நீங்களா?”

செல்லப்பன் வெகுநேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் முழங்காலைப் பார்த்தான். கத்தியை எடுத்தான்.

இடது கால் செருப்பின் குதியிலிருந்து ஒரு வளையம். செருப்பின் தையல் ஓட்டைகளில் இரண்டு அதன் ஓரத்தில் விழுந்தன. நடுவில் துளை போட்டு, எண்ணெய் தொட்டு, திருகாணிக்கு அடியில் வைத்து முடுக்கினான். தட்டியை எந்தச் சாய்வில் விட்டாலும் நின்றது. காரை எருமை புரளும் பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தான். அசையவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை மூவார்த் துறையில் சபாபதியார் இறங்கினார். ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகஸ்தர். ஜரிகைத் தலைப்பாகை. விருந்தாளி என்பதால் கிராணியார் அவரை முன்னால் ஏற்றினார். காலை வெயில் நேரே முகத்தில் அடித்தது. சபாபதியார் தட்டியை ஒரு விரலால் இறக்கினார். விட்ட இடத்தில் நின்றது. நாற்பது மைல், நானூறு பள்ளம். தட்டி அசையவில்லை. தலைப்பாகை கலையவில்லை.

வாசகசாலை வாசலில் இறங்கியவர், வெண்பா மாலை ஆறு பிரதிகளையும் விட்டுவிட்டுத் தட்டியைத்தான் புகழ்ந்தார்.

“என்ர கார்த் தட்டியும் தொங்குது காணும். மலாக்காவிலை மூண்டு பேரிட்டைக் காட்டினனான், சரிவரேல்லை. உமக்கு இதை ஆர் செய்தது?”

வாசலில் தோட்டமே நின்றது. கிராணியார் தொண்டையைச் செருமினார்.

“இதோ? இது… லண்டனிலை இருந்து தருவிச்ச சாமான்.”

“அப்பிடியோ! அதைக் கழட்டிக் காட்டச் சொல்லும். பார்த்தால் நானும் எழுதிப் போடுவன்.”

செல்லப்பன் நகரவில்லை.

“கழட்டடா,” என்றார் கிராணியார்.

திருப்புளியை எடுத்தான். அவன் கை நடுங்கியதென்று எழுதினேன், அடித்துவிட்டேன். திருகாணி வந்தது. வளையம் கிராணியாரின் உள்ளங்கையில் விழுந்தது. எண்ணெய்ப் பளபளப்பு. ஓரத்தில் இரண்டு தையல் ஓட்டை.

கிராணியார் பார்த்தார். இருபது வருடமாகச் செருப்புகளைக் கழற்றவைத்தவர். அவருக்குத் தெரியாதா?

7

முடிவுகள், வரிசையாக:

(அ) ‘அடப் பாவி!’ என்று கிராணியார் கத்துகிறார். செல்லப்பன் திங்கட்கிழமை பெரட்டில். வெள்ளிக்கிழமை கப்பலில். — இது நடந்திருக்கும் என்றுதான் நீங்கள் பயப்படுகிறீர்கள். ஆனால் கத்தினால் லண்டன் என்ன ஆவது? தோட்டமே கேட்டுக்கொண்டிருக்கிறது.

(ஆ) கிராணியார் கண்கலங்கி, ‘மனிதரெல்லாம் ஒன்றே’ என்று செல்லப்பனைத் தழுவுகிறார். — பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். கிராணிகளைச் சந்திக்காதவர்களுக்கும் பிடிக்கும்.

(இ) பக்கத்து மேசைக்காரர் சொன்னது. கிராணியார் வளையத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

“பாத்தீரோ? நல்ல ஆங்கிலேயத் தோல்.”

சபாபதியார் அதை வாங்கினார். தடவினார். மோந்தும் பார்த்தார்.

“எண்டாலும் இங்கிலீஸ்காரன் இங்கிலீஸ்காரன்தான். எனக்கும் ஒண்டு வேணும் காணும். வெறுங்கையோடை நான் மலாக்கா போகமாட்டன்.”

கிராணியார் திரும்பினார். இதுவரை ‘டேய்’ தவிர வேறு பெயரால் அவனை அழைத்ததில்லை.

“செல்லப்பன்,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அந்த லண்டன் சாமான்… இன்னும் இருக்கோ?”

வீட்டில் வலது கால் செருப்பு முழுசாக இருக்கிறது. இடது காலிலும் பாதி மிச்சம். தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. தனலெட்சுமி கூட்டத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், சிரிப்பா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தோட்டத்தில் கிராணியார் செல்லப்பனிடம் ஒன்று கேட்டு நிற்பது இதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை விடியலில் அவன் எங்கே நிற்பான் என்பது இப்போது அவன் சொல்லப்போகும் பதிலில் இருக்கிறது.

“ஐயா,” என்றான் செல்லப்பன். “இருக்குங்க. ஆனா அதக் கொண்டாரணும்னா பங்களா வழியா நான் காலுல போட்டுக்கிட்டு—”

இல்லை, இவ்வளவு தூரம் போயிருப்பானா? அடித்துவிடுகிறேன். “ஐயா” மட்டும் இருக்கட்டும். அவன் வாய் திறந்தபடி நிற்கிறான். கிராணியார் காத்திருக்கிறார். படகு மணி அடித்தது இந்த இடத்தில்தான். நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.