ஒழுகாத வீடு

“மழ பேஞ்சா நீ எங்கம்மா படுப்பே?”

ஈப்போவிலிருந்து வந்த நல உதவி அதிகாரி குனிந்து என்னிடம் கேட்டார். விரலை நீட்டி மேசைக்கு அடியைக் காட்டினேன். அம்மா முந்திக்கொண்டு சிரித்தாள். “இவ எங்க உழுந்தாலும் தூங்கிருவா சார், பூன மாதிரி.” அவரும் சிரித்துவிட்டு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். கூரையில் அன்று ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

பீடோருக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் துண்டு போட்டு விற்றபின், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைப் பழுது பார்க்க யாரும் வரவில்லை. வாங்கிய சீன முதலாளியான தவுக்கேக்கு மரங்கள் போதும். கூரைத் தகரம் துருவேறி, தொட்டால் விரலில் உதிர்ந்தது. அப்பாவின் கட்டிலுக்கு மேல்தான் ரொம்ப மோசம். அவருக்கு நெஞ்சுச் சளி. அம்மா மரம் வெட்டிப் பால் எடுக்கப் போக வேண்டும், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தேன். மழை வந்தால் கட்டிலை இழுத்து இழுத்துப் போடுவோம். கடைசியில் இழுத்துப் போட இடமில்லாமல் போயிற்று.

மழைக்காலத்துக்கு முன்னால் வசதியில்லாத வீடுகளுக்குப் புதுத் தகரம் கொடுக்கிறார்கள், அதிகாரி வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வார் என்று சொன்னவள் பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா. அம்மா அன்றைக்கே முட்டி போட்டு ஜெபம் செய்தாள். மறுநாள் சுண்ணாம்பு வாங்கி வந்தாள்.

வெளியாள் என்று எங்கள் வீட்டுக்குள் வந்தவர் வருஷத்துக்கு ஒருமுறை வீடு மந்திரிக்க வரும் மாதா கோயில் சாமியார் ஒருவர்தான். அவருக்கு எப்படிச் செய்வாளோ, அப்படியே அம்மா அதிகாரிக்கும் செய்தாள். சுவரில் வழிந்து காய்ந்திருந்த பழுப்புக் கோடுகளெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போயின. ரப்பர் பாலில் துணியை நனைத்து, மேசைமேல் நின்று, தகரத்தின் ஓட்டை ஒவ்வொன்றாக அடைத்தாள். ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கும் மங்குகளையும் டின்களையும் குழாயடிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

“என்ன கத்தரினு, வூட்டுக்குப் பவுடர் பூசுறியா? மாப்பிள்ள வூட்டுக்காரங்களா வாராங்க?” என்று காளியம்மா அக்கா வாசலில் நின்று கேலி செய்தாள்.

அப்பா கட்டிலிலிருந்தே சொன்னார், “ஒழுகுறதப் பாக்கத்தான் அவரு வாராரு. நீ அடைச்சி வைக்கிற.”

“நாறிக் கெடக்குற வூட்டுக்குள்ள வெளியாள எப்படி ஏத்துறது? ஏழைங்கன்னா அழுக்கா இருக்கணுமா?” அம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். பிறகு குரலை இறக்கினாள். “அவரு வந்துட்டுப் போற வரைக்கும் கொஞ்சம் இருமாம இருங்க.”

அதிகாரி வந்த அன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுகமா என்று அதிகாரி கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. அதிகாரி பூப்போட்ட கோப்பையில் காப்பி குடித்தார். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதாக அம்மாவைப் பாராட்டினார். அவருடைய மோட்டார் சைக்கிள் லயத்து முனை திரும்பும்வரை அப்பா பொறுத்திருந்தார். அப்புறம் அவர் இருமிய இருமலில் கட்டில் சுவரில் இடித்து, கையகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.

காளியம்மா அக்கா வீட்டுக்குத் தகரம் வந்தது. அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, “ஒங்க வூடு நல்லாதான் இருக்குன்னு சொல்லிட்டாராம்லா,” என்றாள். அம்மா பூப்போட்ட கோப்பையை எடுத்து, கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

துணி ஒட்டுகள் வெயிலில் இளகி, அப்பா மேலேயே ஒன்றிரண்டு விழுந்தன. நவம்பர் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காளியம்மா அக்கா அம்மாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி ஈப்போ போய் அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் டிசம்பரில் வந்தார். அன்றும் மழை.

இந்தத் தடவை அம்மா எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. சுண்ணாம்பு கோடு கோடாகக் கரைந்து தரையில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. வீடெங்கும் மங்கும் டின்னும். ஆனாலும் காப்பியை மட்டும் அதே கோப்பையில் கொண்டுவந்து வைத்தாள். அதிகாரி கட்டிலைப் பார்த்தார். அதில் பாயும் இல்லை, தலையணையும் இல்லை. நடுவில் ஒரு பெரிய மங்கு இருந்தது. அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இந்தக் கட்டிலு மேலதான் சார் ஒழுகும்,” என்றாள் அம்மா.

“ஐயா எங்கம்மா?”

“போன மாசம் அடக்கம் பண்ணிட்டோம் சார்.”

காப்பியில் ஒரு சொட்டு விழுந்தது. மங்கு நிரம்பி வழியத் தொடங்கியதும், நான் எடுத்து வெளியே ஊற்றிவிட்டு வந்து திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன். நான் நிமிர்ந்தபோது அவர் வாசலைத் தாண்டியிருந்தார். மோட்டார் சைக்கிளை முடுக்காமல், மழைக்குள் கையால் தள்ளிக்கொண்டே லயத்தோரமாக நடந்து போனார்.