அக்காவின் காலுக்கு டைமிங்

"நாளைக்கு இந்நேரம் என் முட்டி டாக்டர் கையில இருக்கும். அதுக்கப்புறம் வண்டியைத் தொடவே கூடாதாம். இன்னிக்குக் கிளம்புமா, கிளம்பாதாடா?"

அக்கா கேட்டது தம்பியிடம். தம்பி என்றால் பொடியன் இல்லை. மூக்குக்கண்ணாடி போதாமல் பூதக்கண்ணாடியும் தேவைப்படும் வயது. ஷெட்டில் சம்மணம் போட்டு, எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"கிளம்பும்க்கா. நீ கேட்டுக்கிட்டே இருந்தா அது வெட்கப்படும்."

"மாசக்கணக்கா வெட்கப்படுதே, பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?"

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அது ட்ரயல்ஸ் என்ற போட்டிக்கான மோட்டார் சைக்கிள். சீட் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. நின்றபடியே பாறையிலும் சேற்றிலும் ஊர்ந்து ஏற வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி. வண்டி பின்னால் போனால் ஐந்து. புள்ளி குறைந்தவர்தான் ஜெயித்தவர். ஷெட்டுக்குப் பின்னாலிருந்த சரிவுப் பாறையில் பழகித்தான் அக்கா ஒரு காலத்தில் கோப்பைகளை அள்ளினாள்.

கடைசிப் போட்டியில் மட்டும் பாதிப் பாறையில் எஞ்சின் அணைந்தது. களைத்த காலால் உதைத்தாள். பிடித்துக்கொண்டது. கிளட்சை விட்டாள். வண்டி பின்னால் பாய்ந்தது! டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் திசை ஒரு பொருட்டே இல்லை; மனசு வைத்தால் தலைகீழாகவும் ஓடும். ஓரத்தில் நின்ற இளம் நடுவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

அவரிடம் சண்டைக்குப் போனவள் கல்யாணத்தில் போய் முடித்தாள். அந்த நடுவர்தான் நாற்காலி மாமா.

சிலிண்டரைத் தேய்த்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டாயிற்று. மிச்சம் டைமிங். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்ற கணக்கு. திறக்கும்போது பொறியை விழவைக்கும் பாயின்ட்டின் இடுக்கில் சிகரெட் தாளைச் செருகி, ஃப்ளைவீலை மெல்லத் திருப்பினான் தம்பி. தாள் விடுபடும் நொடிதான் பொறி விழும் நொடி. அக்காவுக்கு என்ன அளவு என்பது அவன் விரல்களுக்கு மனப்பாடம்.

பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றினான்.

"நான் உதைச்சுத் தரேன்க்கா."

"தள்ளுடா. உதைக்கிறது என் வேலை, வாங்கறது உன் வேலை. சின்ன வயசுலேருந்தே அப்படித்தானே?"

உதைத்தாள். புகை. நீலப் புகை! அந்த வாசனையில் மூவருக்குமே முப்பது வயது குறைந்தது. அக்கா ஏறி நின்று, கியர் போட்டு, கிளட்சை விட்டாள்.

வண்டி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது.

பழைய குருடி, கதவைத் திறடி!

மாமா வலது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். அக்கா சிரித்த சிரிப்பில் எஞ்சினே அணைந்துபோனது. தம்பிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே தப்பு?

அவன் பார்வை அக்காவின் முட்டியில் போய் நின்றது.

அடடா! பொறி சற்று முன்னதாகவே விழும் அந்த அளவு, இருபது வயதுக் காலுக்கு வைத்தது. அந்தக் கால் வெடுக்கென்று உதைக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். இந்தக் கால் மெல்லத்தான் உதைக்கிறது. பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன்பே பொறி விழுந்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது.

"என்னடா முழிக்கிறே?"

"ஒண்ணுமில்லக்கா. அளவை மாத்தணும்."

"சொல்லேன், கிழவி கால்னு."

"நான் சொல்லலப்பா. எஞ்சின் சொல்லுது."

பழைய அளவிலிருந்து கையை எடுக்க மனசே வரவில்லை அவனுக்கு. பிறகு பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை மயிரிழை நகர்த்தி, திருகை இறுக்கினான்.

உதை. டப்... டப்டப்டப். முன்னால் நகர்ந்தது வண்டி. தம்பி பின்னாலேயே ஓடினான். மாமா நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஓடினார். அக்கா பாறையில் முன்சக்கரத்தை வைத்தாள், உடம்பைச் சாய்த்தாள், ஏறினாள். உச்சிக்கு ஒரு முழம் முன்னால் பின்சக்கரம் வழுக்கியது. இடது கால் நுனி பாறையைத் தொட்டு மீண்டது. கண் சிமிட்டும் நேரம்தான். அடுத்த கணம் அக்கா உச்சியில்!

தம்பி பார்த்துவிட்டான். மாமாவும் பார்த்தார்.

மாமா முஷ்டியை மடக்கி உயர்த்தினார். பூஜ்யம். ஒரு தப்பும் இல்லை.

அக்காவின் முகம் சுருங்கியது.

"பொய் சொல்லாதீங்க. அன்னிக்கு அத்தனை பேரும் பாவம்னு விட்டிருப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைக் காட்டினீங்க. அதுக்குத்தான் கழுத்தை நீட்டினேன்."

மாமா தலையைச் சொறிந்தார். முஷ்டியிலிருந்து ஒரு விரல் மெல்ல எழுந்தது.

"அது!" என்றாள் அக்கா. எஞ்சினை அணைக்கவில்லை. "தம்பி, டேங்க்ல பெட்ரோல் இன்னும் இருக்காடா?"